செவலையைக் கண்டுபிடிக்காத வாத்தியார்

கருத்தக்கண்ணு வாத்தியாருக்கு எதிலும் துல்லியம் வேண்டும். தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்று ஒரு பையன் கேட்டால், வலிப்பது தலையா, நெற்றியா, நெற்றிப்பொட்டா என்று விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் பையனுக்கு வலி நின்றுவிடும். கூப்பிட்டதும் வரவில்லையே என்று யாராவது குறைப்பட்டால், கூப்பிட்டது எத்தனை மணிக்கு என்பார். ஊரில் கடிகாரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அந்த வழக்குகளில் எல்லாம் அவரே ஜெயித்தார்.

திருமங்கலத்துக்கு மேற்கே சாத்தனேரி அவர் ஊர். அப்பன், பாட்டன் எல்லாரும் ஏர் பிடித்தவர்கள். இவர் கையில் ஏரைக் கொடுத்தால், உழுத சால் நேராக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி நடப்பார். பொழுது சாயும்போது கால் குறுக்கம் நிலம்கூட உழுது முடிந்திருக்காது. "இவன் காட்டு வேலைக்கு ஆக மாட்டான்" என்று அப்பன் பசுமலைக்குப் படிக்க அனுப்பினார். படித்து, பயிற்சி முடித்து, போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகத் திரும்பி வந்தார். அந்த வகையறாவிலேயே பேனா பிடித்த முதல் கை அது. ஊருக்கு வருகிற நோட்டீஸ், கடுதாசி, வில்லங்கம் எல்லாம் அவர் கைக்குத்தான் வந்தன. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பொதுவாக ஒரு அபிப்பிராயம் இருந்தது: வாத்தியாருக்குப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் தெரியும், அடுப்படியில் நடப்பது தெரியாது.

இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவர் மாணவர்களுக்காக ஓர் ஆங்கிலச் சொற்பொருள் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மதுரையில் ஓர் அச்சுக்கூடக்காரர் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக எழுதி, 'எஃப்' எழுத்துக்கு வந்து, 'ஃபைண்ட்' என்ற சொல்லில் வண்டி குடை சாய்ந்து நின்றுவிட்டது.

ஒரே ஒரு சின்னச் சொல். தேடி அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தாலும் ஃபைண்ட். தேடாமல், நடந்து போகிற வழியில் கிடந்ததைக் கண்டெடுத்தாலும் ஃபைண்ட். கணக்குக் கடினமாக இருக்கிறதென்று பையன் உணர்ந்தாலும் ஃபைண்ட். ஜட்ஜ் ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானித்தாலும் அதுவே. கூடவே 'அவுட்' என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டால், ஒளித்து வைத்த சங்கதியைத் தெரிந்துகொள்வது. வாத்தியாருக்கு எரிச்சல் தாங்கவில்லை. இம்புட்டுப் பெரிய ராஜ்ஜியத்தை ஆளுகிறவன் தேடிக் கிடைத்ததற்கும் தேடாமல் கிடைத்ததற்கும் நடுவே ஒரு வரப்புக்கூடப் போடாமல் விட்டிருக்கிறானே என்று, யார் வந்தாலும் சொல்லி ஆற்றிக்கொண்டார். தமக்கென்று ஒரு விதியும் வகுத்தார். பொருள் தொலைந்திருக்க வேண்டும், அதைத் தேடியிருக்க வேண்டும், பிறகு அது கண்ணில் பட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் கண்டுபிடிப்பு. ஒன்று குறைந்தாலும் செல்லாது.

அவர் மனைவி சோலையம்மாள் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள். அவளுக்கு அப்போது வேறு கவலை. மகள் ஒச்சாயிக்கு நான்கு வயது நடக்கிறது, இன்னும் காது குத்தவில்லை.

காது குத்துக்கு நாள் பார்த்தாயிற்று. குலதெய்வக் கோயிலில், வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் காதும் இல்லை, குத்தும் இல்லை. சோலையம்மாளுக்கு ஒரே அண்ணன், சோணை. ஆறு மைல் மேற்கே கூடலூரணியில் வெள்ளாமை செய்கிற சம்சாரி. தகப்பன் இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவன். ஒச்சாயி பிறந்தபோது, பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று தன் தொழுவத்திலேயே நல்ல மாடாகப் பார்த்து ஒரு செவலைப் பசுவைச் சீராக ஓட்டி வந்து கட்டியவனும் அவன்தான்.

தாய்மாமனை அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். "வந்து முன்ன நின்னு நடத்திக் குடுங்க" என்று வாயால் கேட்க வேண்டும். இது பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும். ஆனால் அவர் அந்த மாதம் அச்சுக்கூடத்துக்குப் போன இடத்தில், ரோஜா நிறக் காகிதத்தில் ஓரத்துக்குப் பூவேலை போட்ட பத்திரிகைகளைப் பார்த்துவிட்டார். நூறு அடித்துக்கொண்டு வந்தார். நூறிலும் ஒரு பிழை கிடையாது. முகவரி எழுதி, தபால் தலை ஒட்டி, எல்லாருக்கும் ஒரே நாளில் தபாலில் சேர்த்தார். எல்லாருக்கும் என்றால், சோணைக்கும்.

தபால்காரர் கூடலூரணிக்குப் போனபோது சோணை கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. தபால்காரரே படித்துக் காட்டினார். கிணற்றடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்று அவர் முடித்ததும், எவனோ ஒருவன், "சோணை, சாப்பாடும் தபால்லயே வந்துருமா?" என்று கேட்டான். சோணை கமலையை நிறுத்தினான். மாட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். இதெல்லாம் சாத்தனேரி முழுக்க மறுநாளே தெரிந்துவிட்டது. வாத்தியாருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. படித்தவருக்குப் போய் என்னத்தைச் சொல்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தொழுவத்தில் செவலையைக் காணோம். கன்றையும் காணோம்.

வாத்தியார் கையில் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு தொழுவத்தை ஆராய்ந்தார். கயிறு அறுக்கப்படவில்லை, முறையாக அவிழ்க்கப்பட்டிருந்தது. திருடன் போகும்போது படலை இழுத்துச் சாத்தி, ஆடு உள்ளே நுழையாமல் கட்டியும் வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டைக் கறந்து, பாலைச் செம்பில் ஊற்றி, பூனை வாய் வைக்காமல் தட்டால் மூடி, வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"விசித்திரமான திருடன்" என்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

சோலையம்மாள் அந்தச் செம்பைப் பார்த்தாள். பாலை எடுத்துப் போய்க் காய்ச்சி மகளுக்குக் கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரும் செம்பைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், "அடப் பாவமே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

வாத்தியார் உட்கார்ந்து திருமங்கலம் போலீசுக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினார். அதில் ஃபைண்ட் நான்கு இடத்தில் வந்தது, நான்கும் நான்கு பொருளில். தமக்கே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சோலையம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள். "இன்னைக்குச் செவ்வாக்கெழம. போலீசு வாசப்படிய மிதிக்கிற நாளா இது? மொதல்ல காசிமாயன விட்டுத் தடம் பாக்கச் சொல்லுங்க. அதுல தட்டுப்படலேன்னாப் பெறகு போங்க."

போலீசு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் கையில் விலங்கு விழும். அதற்குப் பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இராது. மகளுக்கு உட்கார மடி இராது.

காசிமாயன் தடம் பார்க்கிறவன். காணாமல் போன ஆடு மாடுகளை மண்ணில் குளம்படியைப் பார்த்தே தேடிப் போய்விடுவான். வாத்தியார் வயதுதான் அவனுக்கும். தொழுவத்துக்கு வந்தான், தரையைப் பார்த்தான், சோலையம்மாளைப் பார்த்தான், கழுத்தைச் சொறிந்தான்.

"வாங்க வாத்தியாரே, கெழக்க போவோம்" என்றான். 

வாத்தியார் குனிந்து பார்த்தார். "குளம்போட கூர் மேற்க பாத்துல்ல இருக்கு?"

"மாடு பின்னோக்கி நடந்துருக்கும்" என்றான் காசிமாயன், கண் சிமிட்டாமல். 

தடம் பார்க்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாத்தியார் அதையும் குறித்துக்கொண்டார். அன்று முழுக்கக் கண்மாய்க்குள் நடந்தார்கள். புதன்கிழமை திருமங்கலத்தில் மாட்டு வியாபாரிகளை எல்லாம் விசாரித்தார்கள். பசுமலை தாண்டிக் காளவாசல் வரைக்கும் போய், அங்கே செங்கல் சூளைக்கு மண் சுமந்த மாடுகளை ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். ஒரு கிழட்டு எருமையைக்கூட வாத்தியார் சந்தேகத்தோடு சுற்றி வந்தார். திரும்பும்போது அவர் செருப்பு அறுந்துபோயிற்று. காசிமாயன் தலை குனிந்து நடந்து வந்தான். ஒரு நல்ல மனுஷனை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை சோலையம்மாள், "இன்னைக்கு அட்டமி" என்றாள். வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அட்டமி அல்ல. புகாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். காசிமாயன் பின்னாலேயே ஓடினான். ஊர் எல்லையில் திருமங்கலம் சாலை பிரிகிற இடத்தில் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

"வாத்தியாரே, நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காது குத்துக்கு யார் யாருக்குத் தபால்ல பத்திரிக வச்சீக?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லுங்களேன்."

வாத்தியார் துல்லியமான மனிதர். விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார். தலைமை ஆசிரியர், கணக்குப்பிள்ளை, பங்காளிகள் பால்பாண்டி, சின்னச்சாமி. ஒன்பதாவதாக, "எங்க மச்சான் சோ—" என்று வந்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

செம்பு நினைவுக்கு வந்தது. பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்று கறந்து மூடி வைத்துவிட்டுப் போகிற திருடன் உலகத்தில் யார் இருக்க முடியும்? அம்மாடி, தடமும் மேற்கேதான் போயிற்று!

"நீ பார்த்த அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"செம்பப் பாத்ததுமே தெரியும். ஊருக்கே தெரியும்" என்றான் காசிமாயன். "நான் கண்டுபிடிச்சேன்னு வாயால சொல்லிட்டா, மாட்ட வச்சிருக்கவன் களவாணின்னு ஆயிரும். அதுக்கு மேல அந்த மனுசன் எந்த மொகத்தோட வந்து புள்ளைய மடியில வைப்பாரு? நான் சொல்லக் கூடாது. போலீசும் சொல்லக் கூடாது."

வாத்தியார் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நூறு பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழை இல்லை என்று பெருமைப்பட்டவர், இருக்கிற பிழைகளிலேயே பெரிய பிழையைத் தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். அரைமணி நேரம் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது சோலையம்மாள் புதுச் சேலை கட்டி, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாம்பாளத்தோடு தயாராக நின்றாள்.

"மூணு நாளா வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன்" என்றாள். "வாடிப் போறதுக்குள்ள வந்தீகளே, அது போதும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா எங்கண்ணனக் காட்டிக் குடுத்தவளாவேன். எங்கண்ணன் மாட்டத் திருடிட்டாருன்னு எந்த வாயால சொல்லச் சொல்றீக?" என்று கேட்டாள், கண் கலங்கி. வாத்தியார் தாம்பாளத்தைத் தாமே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கூடலூரணியில் சோணையின் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில், கழுத்தில் புதுக்கயிறோடு செவலை நின்றது. பக்கத்தில் கன்று. கட்டுத்தறிக்கு முன்னால் கட்டுக்கட்டாகப் பசும்புல். மூன்று நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. வாத்தியாரைப் பார்த்ததும் ஊர் கேட்க "அம்மா" என்றது.

தொலைந்தது உண்டு, தேடியது உண்டு, இப்போது கண்ணிலும் பட்டுவிட்டது. வாத்தியார் வகுத்த விதிப்படி மூன்றும் பொருந்திவிட்டன. ஆனால் அவர் பார்வையை மாட்டின் மேலிருந்து பிடுங்கி எடுத்து, வேப்பமரத்து உச்சியைப் பார்த்தபடி முற்றத்தில் ஏறினார்.

சோணையின் மனைவி சீனியம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்து, "வாங்க, வாங்க" என்றாள். கட்டிலில் கிடந்த சோணை எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்ள. இன்னைக்குத் தபால்காரருக்கு லீவா? நீங்களே வந்துருக்கீக!"

"தப்புத்தான் மச்சான்" என்று தாம்பாளத்தை நீட்டினார் வாத்தியார். சோணை அதைப் பார்த்தானே தவிரக் கை நீட்டவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காட்டினான். வாத்தியார் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஸ்டூல் மாட்டுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. செவலை வந்து அவர் முழங்கையை நக்கியது.

"ஒங்க மாடு காணாமப் போச்சாமே? கெடச்சுச்சா?" என்றான் சோணை.

"இன்னும் தட்டுப்படல மச்சான்."

"நல்லாத் தேடுனீகளா?"

"காளவாசல் வரைக்கும் தேடியாச்சு."

"அடையாளம் சொல்லுங்க. நானும் நாலு பக்கம் சொல்லி வைக்கிறேன்."

வாத்தியார் அடையாளம் சொன்னார். "நிறம் செவலை. நெத்தியில வெள்ளைச் சுட்டி. வலது கொம்பு கொஞ்சம் வளஞ்சிருக்கும்." செவலை அவர் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, வளைந்த கொம்பைச் சோணைக்கு நன்றாகக் காட்டியது. "சாதுவான மாடு" என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார். அந்தச் சாதுவான மாடு அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை உருவி மெல்ல ஆரம்பித்தது. ஒன்றரைப் பக்க ஆங்கிலமும் நான்கு ஃபைண்டும் அதன் வாய்க்குள் போயின. வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. சீனியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"அப்படி ஒரு மாட்ட நான் பாக்கலையே" என்றான் சோணை. அவன் மீசை துடித்தது சிரிப்பிலா, கோபத்திலா என்று சொல்ல முடியாது.

வாத்தியார் எழுந்தார். "மச்சான், மாடு கிடைக்காட்டிப் போகுது. அது உங்க தொழுவத்துல பிறந்த மாடு, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நான் மாட்டுக்காக வரல. எம்மகளுக்கு உட்கார மடி இல்ல. அதுக்கு வந்தேன். நான் படிச்சதெல்லாம் சேத்தாலும் அந்த ஒரு மடிக்கு ஈடாகாதுன்னு புரியாமத் தபால்ல போட்டுட்டேன். வந்து முன்ன நின்னு நடத்திக் குடுங்க."

சோணை கட்டிலிலிருந்து இறங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினான். தங்கையைப் பார்த்து, "ஏத்தா, வந்தவுகளுக்குச் சோறு போட வேணாமா? நிக்கிறயே!" என்று அதட்டினான். அதட்டல் பாதியில் உடைந்துபோயிற்று. சோலையம்மாள் அடுப்படிக்குள் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இரண்டு பேரும் செவலை காகிதம் தின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காது குத்து அன்று தாய்மாமன் சீர் கொட்டு மேளத்தோடு கோயிலுக்கு வந்தது. இருபத்தொரு தட்டு. தட்டுகளுக்கு முன்னால், கொம்புக்குச் சிவப்பும் பச்சையும் பூசி, கழுத்தில் மாலை போட்டு, ஒரு செவலைப் பசுவும் கன்றும் நடந்து வந்தன. "அடேயப்பா, எம்புட்டுப் பெரிய சீர்!" என்று கூட்டம் வாய் பிளந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வாத்தியார் தம்முடைய மாட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். 

சோணை சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் இருத்திக்கொண்டான். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். கொட்டு நின்றது. அந்த அமைதியில் ஒச்சாயி கையை நீட்டி, கணீரென்று சொன்னாள்:

"அது நம்ம செவலை! மாமாதான் அன்னைக்கு விடியாமுன்ன ஓட்டிட்டுப் போனாக. நான் முழிச்சுப் பாத்தேன். சத்தம் போடாதன்னு எனக்கு முட்டாய் குடுத்தாக!"

காசிமாயன் வானத்தைப் பார்த்தான். சோணையின் முகம் செத்துப்போயிற்று. பிள்ளையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இன்னும் ஒரு நொடி போனால் எழுந்துவிடுவான் என்று சோலையம்மாளுக்குத் தெரிந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூட அதன் பொருளுக்கு வெளியே நிறுத்தாத மனிதர் அவர்.

வாத்தியார் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி, பாடம் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"இருட்டுல உனக்குச் சரியாத் தெரியல தாயி. செவலை தொலஞ்சுதான் போச்சு. நான் மூணு நாளு தேடியும் கிடைக்கல. மாமாதான் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துருக்காக."

சோணை தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் புதுப் பாவாடை மேல் விழுந்தது. பிறகு அவளை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, காதை ஆசாரிப் பக்கம் திருப்பிக் காட்டினான். "குத்துங்க ஆசாரி" என்றான்.